நண்டுக் கதைக்குப் பூட்டு

சாருஜா ரீச்சருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று சிறுபிள்ளைக் கதைகள், மற்றது இன்டர்நெட். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து எங்கள் தரம் ஒன்பதின் தலையில் கொட்டியதுதான் இந்த வருடத்து ஆங்கிலப் பாடம். முதல் தவணையில் ஆளுக்கொரு புளொக். நூலகத்திலிருந்து ஓர் ஆங்கிலச் சிறுவர் கதையை எடுத்து வாசித்து, பிடித்ததா இல்லையா என்று அதில் எழுத வேண்டும். மற்றவர்கள் வந்து கீழே கருத்துச் சொல்ல வேண்டும். இரண்டாம் தவணையில் விக்கி. அதில் நாங்களே கதை எழுத வேண்டும். தவணை முடிவில் பக்கத்து முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு அவற்றைப் படம் காட்டி வாசிப்பதாக ஏற்பாடு.

என் புளொக்குக்கு வந்த கருத்து ஒன்றே ஒன்று. "மிக நன்று, தொடர்ந்து எழுது." அதை எழுதியவர் சாருஜா ரீச்சர். எல்லோருக்கும் அதையேதான் எழுதியிருந்தார். என் பக்கத்து மேசை றஜிதாவின் புளொக்குக்குக் கீழே ஒரு சந்தையே நடந்தது. அவள் எழுதியது நாலே நாலு வரி, அதிலும் பாதி பிழை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. நான் கரூர்ப் பக்கத்து அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள். ஜனவரியில்தான் அம்மாவோடு யாழ்ப்பாணத்துக் குருநகருக்கு வந்தேன். அப்பா பெயின்ட் அடிக்கிற வேலையை விட மனமில்லாமல் அங்கேயே நிற்கிறார், பிறகு வருவாராம். அம்மா பலாலி விமான நிலையத்தில் இறங்கிய அன்றே நாக்கை மாற்றிக்கொண்டாள். அவள் இங்கே பிறந்தவள், அவளுக்கு முடியும். எனக்கு "வர்றேன்" என்றுதான் வாயில் வருகிறது. முதல் நாள் வகுப்பில் அதைச் சொன்னபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் அதிகம் பேசவில்லை, அவர்களும் என்னோடு கதைக்கவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. நான் இருப்பதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை, அவ்வளவுதான்.

விக்கி தொடங்கியபோது எனக்கு ஓர் ஆசை வந்தது. புளொக் தனி வீடு மாதிரி, விக்கி ஊர்க் கிணறு மாதிரி என்று ரீச்சர் சொன்னார். யார் கதையிலும் யாரும் கைவைக்கலாம், வெட்டலாம், சேர்க்கலாம். எனது உனது என்று சண்டை பிடிக்கக்கூடாது. ஆனால் சண்டை பிடித்தார்கள். றஜிதாவின் கதையில் வந்த இளவரசியை எங்கள் வகுப்பு ஜெரிசன் வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கணவாய் மீனை வைத்தான். அவள் கணவாயைக் கறியாக்கினாள். இடைவேளை முழுக்க அந்தக் கதைதான், கத்தலும் சிரிப்பும். என் பக்கத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட யாரும் தொடவில்லை. தினமும் பின்னேரம் அம்மா வேலையால் வந்ததும் அவளுடைய போனை வாங்கித் திறந்து பார்ப்பேன். நான் வைத்தது வைத்தபடியே இருக்கும். அழுகை வரும். ஏன் அழுகிறாய் என்று அம்மா கேட்டால், போனில் டேட்டா முடிந்துவிட்டது என்று பொய் சொல்வேன்.

என் கதை ஒரு நண்டுக் குடும்பத்தைப் பற்றியது. அம்மா நண்டுச் சதை எடுக்கிற கம்பனியில் வேலை செய்கிறாள். வீட்டுக்கு வந்தால் அவளுடைய கையே நண்டு மணக்கும். அதனால்தான் நண்டை எடுத்தேன், மற்றபடி எனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? பௌர்ணமி அன்று அப்பா நண்டு நன்றாகக் கொழுத்துப்போய் இருந்தது என்று ஒரு நாள் எழுதி வைத்தேன்.

அடுத்த நாள் அந்த வரிக்குக் குறுக்கே கோடு விழுந்திருந்தது. ஜெரிசன்! உடைந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பிழை. நிலவு காலத்தில் நண்டுக்குள் சதை இல்லை. வெறும் ஓடு." அதற்குக் கீழே றஜிதா வந்து, சதை இல்லாமல் இல்லை, குறைவு என்று அவனைத் திருத்தியிருந்தாள். இன்னும் இரண்டு பேர் வந்து தங்கள் தகப்பன்மாரைச் சாட்சிக்கு இழுத்திருந்தார்கள். என் பக்கத்தில் நாலு பேர்! அன்று நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் இடைவேளையில் ஜெரிசன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"உனக்கு நிலவு நண்டு தெரியாதோ?"

"தெரியாதுப்பா. எங்க ஊர்ல கடலே கிடையாது."

"கடல் இல்லாத ஊரோ! அங்கை மனுசர் என்னண்டு இருக்கிறது?"

உண்மையாகவே கேட்டான். நான் சிரித்தேன், அவனும் சிரித்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் ஒருவர் தாமாக வந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அன்று பின்னேரம் அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, கடல்ல நடக்கவே நடக்காத விஷயம் என்னம்மா?"

"ஏனடி?"

"கதைக்கு."

அம்மா நண்டு மணக்கிற கையால் தலையைச் சொறிந்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். நான் எல்லாவற்றையும் நடந்ததாகவே எழுதினேன். என் கதையில் நண்டு நாய் மாதிரி நேராக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை நடக்கிற நேரத்தில் மீனவர்கள் கடலுக்குப் போனார்கள். குருநகர்க் கடலேரிக்குள் ஒரு திமிங்கிலம் வந்தது.

நினைத்தபடியே கொதித்தார்கள். ஆங்கிலத்தில் பிழை விட்டால் பொறுத்துக்கொள்வார்கள், கடலில் பிழை விட்டால் அந்தப் பிள்ளைகளுக்குப் பொறுக்காது. கைப்போனில் ஆங்கிலம் அடிக்கப் பஞ்சிப்பட்டுச் சோம்பிக் கிடக்கிறவர்கள்கூட அகராதி பார்த்து வந்து அடித்தார்கள். என் பக்கம் முழுக்கக் கோடும் சிவப்புமாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனால் சாமியார் சும்மா விடுவாரோ?" என்று ஒருத்தி. "இவளுக்குக் கடல் தெரியாது, பேனையை வாங்கி வையுங்கோ" என்று இன்னொருத்தன். நேராக ஓடிய நண்டுக்குக் கீழே ஜெரிசன் எழுதினான்: "இது இந்தியா நண்டு." அன்றிலிருந்து என் பெயர் நண்டு. முகாமில் பட்டப்பெயர் இல்லாத பிள்ளையே கிடையாது. எனக்கு இங்கே ஒரு பெயர் கிடைத்ததே பெரிய காரியம்.

"ஏய் நண்டு, திமிங்கிலத்துக்கு எங்கடை முழங்கால் தண்ணி காணுமோ? நடந்தே வந்தது?" என்று றஜிதா வகுப்பு முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

"ஆட்டோ பிடிச்சு வந்துச்சு" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சரியான விசரியடி நீ" என்று என் தோளில் அடித்தாள். புதன்கிழமை ஜெரிசன் சொன்னான்: "சனிக்கிழமை எங்கடை வள்ளம் கரைக்கு வரேக்கை இறங்குதுறைக்கு வாவன். வலையிலை நண்டு கழட்டிக் காட்டுறன். றஜிதாவும் வாறாள். அப்பத்தான் நீ ஒழுங்கா எழுதுவாய்." நான் ஓம் என்று சொன்னேன். ஆமாம் என்று சொல்லவில்லை, ஓம் என்றே வந்தது.

வியாழக்கிழமை சாருஜா ரீச்சர் வகுப்புக்குள் வந்த முகமே சரியில்லை.

ரீச்சர் நல்லவர். அதை முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் அவரைக் குறை சொல்வது போல் ஆகிவிடும். அவர் கோப்பாய்க்காரர். வீட்டைச் சுற்றி வெங்காயமும் வாழையும். மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாயில் வைக்காதவர். என் நண்டு நேராக ஓடினாலும் பறந்தாலும் அவருக்குப் பிழையாகத் தெரிந்திருக்காது. அவருக்குத் தெரிந்தது கோடுகளும், "இவளுக்குத் தெரியாது" என்ற வரியும், "இந்தியா நண்டு" என்ற பெயரும்தான்.

"ஒரு பிள்ளை எத்தினை கஷ்டப்பட்டு, எங்கையிருந்து வந்திருக்கிறாள். உங்களை விட நல்லா இங்கிலீசு எழுதிறாள் எண்டு எரிச்சலோ? அவளின்ரை ஒவ்வொரு வரியையும் வெட்டி வைச்சிருக்கிறியள். பட்டம் வேறை. வெக்கமாயில்லை?"

 நான் எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி என்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டார்கள். பிறகு வகுப்புக் கம்பியூட்டரில் விக்கியைத் திறந்து என் பழைய வரிகளையெல்லாம் மீட்டு வைத்து, பக்கத்தைப் பூட்டினார். இனி அதில் எழுதக்கூடியவர்கள் இரண்டே பேர், நானும் ரீச்சரும். பக்கத்தின் மூலையில் ஒரு சின்னப் பூட்டுப் படம் வந்து குந்தியது.

"சொறி, ஜெசிதா" என்று ஜெரிசன் சொன்னான். முழுப் பெயரையும் சொன்னான். வாசலால் போகும்போது றஜிதா யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது: "ரீச்சரிட்டைக் கோள் சொல்லிப்போட்டாள்."

சனிக்கிழமை நான் இறங்குதுறைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. வள்ளம் வந்திருந்தது. வலையைக் குவித்து வைத்து ஜெரிசனும் தகப்பனும் நண்டு கழட்டிக்கொண்டிருந்தார்கள், றஜிதாவும் இருந்தாள். ஜெரிசன் என்னைக் கண்டதும் கதையை நிற்பாட்டினான். "இவ எங்கடை வகுப்பு" என்று தகப்பனிடம் சொன்னான். இவள் என்று சொல்லவில்லை; இங்கே இவ என்றால் மரியாதை. எழுந்து எனக்கு இடம் விட்டான். கையில் ஒரு நண்டை வைத்து, இப்படிப் பிடி, கடித்தால் கத்து என்று சொல்லுவான் என்று நினைத்திருந்தேன். யாரும் எதையும் என் கையில் தரவில்லை. "பிள்ளை கவனம், கடிச்சுப்போடும்" என்று தகப்பன் மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் விருந்தாளி மாதிரி நின்றுவிட்டு, போயிட்டு வர்றேன் என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

திங்கட்கிழமை ரீச்சரைத் தனியாகப் பிடித்தேன்.

"டீச்சர், அந்தப் பூட்டை எடுத்துடுங்க டீச்சர்."

"ஏனம்மா?"

"நான் வேணும்னுதான் தப்புத்தப்பா எழுதினேன். அவங்க வந்து திருத்தணும்னுதான். அவங்க எழுதினதுதான் சரி."

 ரீச்சருடைய கண் கலங்கியது.

"ஆர் உன்னை இப்பிடிச் சொல்லச் சொன்னது? ஜெரிசனோ?"

"ஐயோ இல்ல டீச்சர், சத்தியமா இல்ல."

"நான் அவனோடை கதைக்கிறன்."

"வேணாம் டீச்சர்! யாரும் சொல்லல." இன்னும் பேசினால் அவனைத் திரும்பவும் வகுப்பில் எழுப்பி நிறுத்துவார் என்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ரீச்சர் என் தலையைத் தடவினார். "பயப்பிடாதை, பிள்ளை. இனி ஒருத்தரும் உன்ரை கதையிலை கைவைக்க ஏலாது."

அதற்குப் பிறகு நான் கதையை ஒழுங்காக எழுதி முடித்தேன். வேறு என்ன செய்வது? அம்மாவிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு பிழையாக எடுத்தேன். நண்டு பக்கவாட்டில் நடந்தது, மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனார்கள், திமிங்கிலம் ஆழ்கடலுக்கே போய்விட்டது. ரீச்சர் வாசித்துவிட்டு, இந்த வகுப்பிலேயே திறமான கதை இதுதான் என்றார். அப்படித்தான் இருந்தது, எனக்கே தெரியும்.

வாசிப்பு நாளன்று முன்பள்ளி மண்டபத்தில் பாயை விரித்துச் சின்னப் பிள்ளைகளை இருத்தியிருந்தார்கள். பின்னால் எங்கள் வகுப்பு நின்றது. றஜிதாவின் கதையை வாசிக்க ஒரு பட்டாளமே மேடைக்கு ஏறியது. அவள் ஒரு வரி, ஜெரிசன் ஒரு வரி, படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தன். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, பாதியில் சிரிப்பை அடக்க முடியாமல் வாசித்தார்கள். அடுத்தது நான். மேடையில் நான் மட்டும்தான்.

"இந்தக் கதையை முழுக்க முழுக்க ஜெசிதா தனியத்தான் எழுதினது" என்று ரீச்சர் பெருமையாக அறிவித்தார்.

வாசித்தேன். சின்னதுகளுக்கு ஆங்கிலம் விளங்காது, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. விளங்கக்கூடியவர்கள் பின்னால் நின்றார்கள். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது தாளில் இருப்பதை விட்டேன். தலையை நிமிர்த்தி ஜெரிசனைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, ஆங்கிலத்தில் சொன்னேன்: "அம்மா நண்டு மரத்தில் கூடு கட்டி, முட்டையிட்டு, கோழி மாதிரி மேலே ஏறிக் குந்தி அடைகாத்தது."

நண்டு தன் முட்டையை வயிற்றுக்குக் கீழே சுமந்துகொண்டு திரியும். குருநகரில் அது தெரியாத பிள்ளை இல்லை. ஜெரிசனின் வாய் திறந்தது. கை பாதி உயர்ந்தது. றஜிதா அவனுடைய முழங்கையைப் பிடித்தாள். அவன் சாருஜா ரீச்சரைப் பார்த்தான். ரீச்சர் கண்ணில் நீரோடு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவன் கையை இறக்கினான். சொல்லு, சொல்லு என்று எனக்குள் கத்தினேன். கதை முடிந்தது. ஜெரிசன்தான் முதலில் கைதட்டினான், பிறகு எல்லோரும் மரியாதையாகத் தட்டினார்கள்.