கழுத்தில் ஒரு தகடு

விடியும்போதே கொட்டகைக்குள் புளித்த பாலும் சோப்பும் கலந்த வீச்சம் தொண்டையை அடைத்தது. பெண்கள் பழைய பிளாஸ்டிக் குவியலைச் சுற்றிக் குந்தி, மூடியைத் திருகி, பாட்டிலை நிறம் பார்த்து எறிந்துகொண்டிருந்தார்கள்.

புது மாதிரியாக வந்திருந்த ஷாம்பு பாட்டிலின் கழுத்தில் பொன்னிறத் தகடு ஒன்று பதிந்திருந்தது. அதை எடுக்காமல் பாட்டிலை உருக்க முடியாது. கத்தியால் நெம்பிய சின்னக்காவின் கட்டைவிரலை அது எலும்புவரை கிழித்தது.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார்.

"பாத்து எடுக்கத் தெரியாதா?"

"பாத்துதான் எடுக்கிறோம். இந்தத் தகடு எதுக்கு முதலாளி?" சின்னக்காவின் விரலைத் துணியால் இறுக்கிக்கொண்டே பக்கத்தில் குந்தியிருந்த நெட்டை கேட்டாள்.

"கடையில பளபளன்னு இருந்தாத்தான் விக்கும். எடுக்க முடியலைன்னா குழியில போட்டு எரிங்க."

"குழிக்குப் பக்கத்துலதான் எங்க வீடு. பிள்ளைங்க இருமியே சாகுதுங்க."

"வீடும் என் இடம்தான். பிடிக்கலைன்னா காலி பண்ணு."

நெட்டை அடுத்த பாட்டிலை எடுத்தாள். வேலையும் கூரையும் ஒரே கையில் இருந்தால் வேறென்ன செய்ய?

அவள் புருஷனுக்கு அதே முதலாளியின் பாட்டில் ஆலையில் வேலை. சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டிருந்தவன் விஷயம் கேட்டதும் அப்படியே நின்றான்.

"அந்தத் தகட்டை அழுத்துறது என் மெஷின்தான்."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லி? உன் வேலையும் போனா எங்க போய் நிக்கிறது?"

சுவருக்கு அப்பால் சின்னக்கா முனகினாள். அவன் ஈர முகத்தோடே வெளியே போய், ஆலைக்காரர்களின் கதவுகளைத் தட்டினான்.

மறுநாள் மெஷின்கள் ஓடவில்லை.

"பாட்டில் செய்யறோம். தகடு வைக்க மாட்டோம்" என்றான் அவன் முதலாளியிடம்.

"நாளைக்கே வேற ஆளைக் கொண்டு வருவேன்!"

"கொண்டு வாங்க. அவன் பொண்டாட்டியும் நாளைக்கு அந்தக் கொட்டகைக்குத்தான் வருவா."

முதலாளியின் முகம் கறுத்தது. மதியத்துக்குள் அடியாட்கள் நெட்டையின் பானையையும் பாயையும் தெருவில் வீசினார்கள். கொட்டகையிலிருந்து ஓடிவந்த நெட்டை, நசுங்கிய பானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பின்னாலேயே வந்த சின்னக்கா தன் அறைக்குள் போனாள். கட்டுப் போட்ட கையால் பாயைச் சுருட்டி வந்து நெட்டையின் பக்கத்தில் விரித்தாள். அடுத்த வீட்டிலிருந்து அடுப்பு வந்தது. அதற்கடுத்த வீட்டிலிருந்து தொட்டிலே வந்தது.

"பைத்தியமாக்கா? ராத்திரி எல்லாரும் எங்க படுக்கிறது?"

"இங்கதான். கொஞ்சம் தள்ளி உக்காரு."

ஆலைப் பக்கமிருந்து ஆண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். நெட்டை தள்ளி உட்கார்ந்தாள்.