பரவாயில்லைக்காரர்

ஊரில் என் புருஷனுக்குப் பெயரே 'பரவாயில்லை'. எங்கள் மாவு மில்லில் பெல்ட் அறுந்து கையில் அடித்தாலும் பரவாயில்லை, மழையில் மூட்டை நனைந்தாலும் பரவாயில்லை. இதயம் பலவீனமான பிறகும் அதே பாட்டுதான். "இன்னொரு தடவை நெஞ்சில் நீர் கோத்தால் காப்பாற்றுவது கஷ்டம்" என்று பெரிய டாக்டர் சொன்னார். அதற்கும் இவர் "பரவால்ல டாக்டர்" என்றார். டாக்டரே சிரித்துவிட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

எங்களைப் போன்ற தூரத்து ஊர்களுக்கு இரண்டு நர்ஸ்கள். ஒருத்தி ஸ்கூட்டரில் வீடு வீடாக வருவாள். இன்னொருத்தி டவுனில் இருந்தபடி போனில் எல்லாரையும் விசாரித்து, டாக்டரையும் ஸ்கூட்டர்காரியையும் முடுக்கிவிடுவாள். அவள் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை.

அன்று அவள் கூப்பிட்டபோது மில் ஓடிக்கொண்டிருந்தது. இவர் வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

"அக்கா, முதல்ல மோட்டார நிறுத்துங்க. அண்ணன இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்க."

நிறுத்தினேன்.

"பர... வா..." இவர் மூச்சு வாங்கினார். "...ல்ல."

ஒரு வார்த்தையை முழுசாகச் சொல்ல மூச்சில்லை. பக்கத்திலேயே நின்ற எனக்கு இரைச்சலில் கேட்காதது, அவ்வளவு தூரத்தில் இருந்தவளுக்குக் கேட்டிருக்கிறது!

ஸ்கூட்டர்காரி பறந்து வந்தாள். எடை ஏறியிருந்தது. காலை அழுத்தினாள், பிசைந்த மாவில் பதிந்ததுபோல் விரல் தடம் அப்படியே நின்றது.

"எத்தன நாளா படுக்க முடியல?"

"நாலு நாளா உக்காந்துதான்..."

ராத்திரி அரவை இருக்கிறதென்று என்னிடம் சொல்லிவிட்டு மில்லில் மூட்டைமேல் சாய்ந்து தூங்கியிருக்கிறார் மனுஷன்! போன் வழியாக டாக்டர் சொல்லச் சொல்ல, நீர் பிரிய ஊசி போட்டாள். டவுன்காரி ஆம்புலன்ஸைத் தயாராக வைத்திருந்தாள். தேவைப்படவில்லை. சாயங்காலம் இவர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

டவுன்காரி மறுபடி கூப்பிட்டாள். "ஏண்ணே சொல்லல?"

"ஊருக்கெல்லாம் நீங்க ரெண்டு பேர்தான். எதுக்குத் தொந்தரவுன்னு..."

"தொந்தரவு பண்ணுங்கண்ணே. அதுக்குத்தானே நாங்க இருக்கோம்?"

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த இரண்டு பெண்களைப் பற்றி மில்லுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் அளக்காத நாளில்லை. நான் பெற்றிருந்தால்கூட இவ்வளவு பீற்றியிருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் ஒரு நாள், மில்லில் நல்ல கூட்டம். இவர் தானாகப் போனை எடுத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அம்மா, மில்லுக்காரன் பேசறேன். கால் லேசா வீங்கியிருக்கு. படியேற... முடியல."

முடியல! கல்யாணமான நாள் முதல் இவர் வாயில் நான் கேட்காத வார்த்தை. அதுவும் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னால். நியாயமாக நான் பயந்திருக்க வேண்டும். கண் நிறைந்துபோய், பக்கத்தில் நின்றவளிடம், "பாத்தியா? என் வீட்டுக்காரர்!" என்றேன், அவளுக்கு என்னவோ தெரியாத மாதிரி.