வெர்னா என்ற ஒரே சொல்

நவம்பரில், பனிமேல் கல்லைச் சறுக்கி ஆடும் கர்லிங் அரங்கின் பனித்தரைக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்த ஓரெஸ்ட், குழாயைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டான். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. மூன்றாம் நாள் மருத்துவமனையில் கண் விழித்து, மனைவியைப் பார்த்து, "வெர்னா" என்றான்.

மனைவியின் பெயர் டோரீன்.

தாகமென்றாலும் வெர்னா, ஜன்னலை மூடச் சொன்னாலும் வெர்னா. கோபம் வந்தால் மூன்று முறை வெர்னா. நாற்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அந்தப் பெயரை டோரீன் அவன் வாயிலிருந்து கேட்டதே இல்லை.

"அதுல அர்த்தம் தேடாதீங்க," என்றாள் பேச்சுப் பயிற்சியாளர் ஜோலின். "சொல்லெல்லாம் உள்ளதான் இருக்கு. வெளிய வர்ற வழியில ஒண்ணு சிக்கிக்கிச்சு. சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும் வரும். ஒருத்தருக்கு 'செவ்வாய்க்கிழமை'ன்னு மட்டும் வந்துச்சு."

"செவ்வாய்க்கிழமைன்னா பரவாயில்லையே," என்றாள் டோரீன்.

பார்க்க வந்த ஓரெஸ்டின் தங்கை பாலின் டோரீனை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள். "யாரு அண்ணி அந்த வெர்னா?"

"தெரியாது."

"நீங்க அவன்கிட்டக் கேக்கலையா?"

"கேட்டா வெர்னாம்பான்."

பாலின் சிரித்தாள், பிறகு அழுதாள். டோரீனுக்கு இரண்டும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. தினமும் நாற்பது நிமிடம் பனியில் கார் ஓட்டி வந்தாள், உட்கார்ந்தாள், திரும்பிப் போனாள்.

விழுங்குவதும் அவனுக்குச் சரியில்லை. நீர்த்த எதுவும் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று காப்பியில்கூட ஒரு பொடியைக் கலந்து, தேன் பதத்துக்குக் கெட்டியாக்கிக் கரண்டியில் ஊட்டினார்கள். அவன் முகத்தைத் திருப்புவான். கரண்டி பின்னாலேயே போகும்.

"முதல்ல உங்க பேரை வரவைப்போம்," என்றாள் ஜோலின். "எல்லாக் குடும்பமும் அதைத்தான் கேப்பாங்க."

"என் பேரு எதுக்கு? 'வேண்டாம்'னு சொல்லக் கத்துக்குடுங்க. முகத்தத் திருப்புறான், கையத் தட்டிவிடுறான். யாரும் காதுல வாங்கல."

ஜோலின் அன்றைக்கே ஆரம்பித்தாள். ஓரெஸ்டின் இடது கையைப் பிடித்து மேசையில் இரண்டு தட்டு, கூடவே ராகம்போல இழுத்து, "வேண்... டாம்." வாரம் நான்கு நாள், ஏழு வாரம். வந்ததெல்லாம் வெர்னாதான்.

ஜனவரிக் கடைசியில் ஒரு காலை, கரண்டி அருகில் வந்தபோது அவன் கை தானாக மேசையைத் தட்டியது. "வே... ண்டாம்."

ஜோலின் கைதட்டினாள், செவிலியரைக் கூப்பிட்டாள். எல்லோரும் டோரீனின் முகத்தைப் பார்த்தார்கள். அவள், காருக்கு எண்ணெய் மாற்ற வேண்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச்சில் வீட்டுக்கு அனுப்புமுன் எக்ஸ்ரே முன்னால் உட்கார்த்தி, சுண்ணாம்புபோல ஒன்றைக் குடிக்கவைத்தார்கள். திரையில் அது கறுப்பு இழையாகத் தவறான குழாய்க்குள் இறங்கியது. அவன் இருமக்கூட இல்லை.

"இதுதான் பயமே," என்றாள் ஜோலின். "நுரையீரல்ல சளி கட்டி நிமோனியா வரலாம். ஆனா முடிவு அவரோடது."

இரண்டு படங்களை அவன் முன் வைத்தாள். ஒன்றில் கெட்டிக் காப்பி. மற்றதில் சாதாரணக் காப்பி, பக்கத்தில் நோயாளி படுத்திருக்கும் கட்டில். நிதானமாக விளக்கினாள். அவன் கெட்டிக் காப்பியைத் தள்ளினான். "வேண்டாம்." இடம் மாற்றி மாற்றி வைத்தாள். ஒவ்வொரு முறையும் அதையே தள்ளினான்.

"புரிஞ்சுதான் சொல்றானா?" என்று கேட்டாள் டோரீன்.

"மூணு தடவை மாத்தி வச்சுட்டேன். நல்லாப் புரிஞ்சிருக்கு."

மருத்துவரும் ஒப்புக்கொண்டார். தாடையைத் தாழ்த்திச் சின்னச் சின்னதாக உறிஞ்சவும், சாப்பிட்டதும் வாயைச் சுத்தமாகக் கழுவவும் ஜோலின் பழக்கிவிட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. தானிய வண்டிகள் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தன. டோரீன் காரின் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்: "வெர்னா யாரு, ஓரெஸ்ட்?"

அவன் தொடையில் இரண்டு முறை தட்டினான். "வேண்டாம்."

கேட்க வேண்டாம் என்றா, வெர்னா தேவையில்லாத சொல் என்றா, வாய்க்கு வந்தது அதுதான் என்றா? அவளுக்கு விளங்கவில்லை. கேட் திறந்தது. ஓட்டினாள்.

வசந்தத்தில் அவனுக்கு இன்னும் சில சொற்கள் வந்தன: சூடு, போதும், நாய். காலையில் சமையலறையில் காப்பியை ஒவ்வொரு மிடறாகக் குடிப்பான். அவள் எதிரே உட்கார்ந்து அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்ப்பாள்.

ஜூனில் நிமோனியா வந்தது. ஒன்பது நாள் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தான்; காய்ச்சல் இறங்கிய அன்று, புதிய மருத்துவர் ஒருவர் கோப்பைப் புரட்டியபடி டோரீனிடம் வந்தார். "இனிமே எல்லாத்தையும் கெட்டியாவே குடுக்கலாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

"அவனைக் கேளுங்க," என்றாள் டோரீன். "படம் வச்சுக் கேளுங்க. சொல்ல நேரமாகும், நீங்க காத்திருக்கணும்."

மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார்.