பதினாலாம் நம்பர் அன்னம்

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டால் பெற்றவர்களுக்கு வேலை இரண்டு மடங்கு என்பது பெயிண்டருக்கு மூன்றாம் நாளே புரிந்துபோயிற்று. வருஷம் முழுக்க ஊரார் வீட்டுச் சுவர்களுக்கு வர்ணம் அடிக்கிறவன் அவன். பிள்ளைகளோடு இருக்கலாமே என்று ஆசைப்பட்டு ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தான். அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். நூலகத்தில் கதை நேரம், நீச்சல் குளம், அருங்காட்சியகம், பூங்காவில் படகு.

திங்கட்கிழமை நூலகத்தில் கதை சொன்ன அம்மாள் ஓநாய் வரும் இடத்தை எட்டுவதற்குள் ஆறு வயதுச் சின்னவன் ஓநாயாகவே மாறி முன்வரிசையைக் கடிக்கப் போய்விட்டான். செவ்வாய்க்கிழமை நீச்சல் குளத்தில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருந்தது. சுத்தம் செய்கிறார்களாம். புதன்கிழமை அருங்காட்சியகத்தில், எட்டாயிரம் வருஷத்துப் பானையைப் பார்த்த பத்து வயது மூத்தவள், "இதைவிட நம்ம வீட்டுக் குப்பைக்கூடை நல்லா இருக்குப்பா" என்று உரக்கச் சொல்ல, காவலாளி சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதையெல்லாம் பெயிண்டர் சமாளித்துவிட்டான். புதன்கிழமை மாலை பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்ற மாமனாரைத்தான் எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. மாமியார் இளைய மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டார். மாமனாருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

மாமனாரும் மாப்பிள்ளையும் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மாமனார் முப்பத்தோரு வருஷம் ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காரில் பக்கத்து இருக்கையில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்து, லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களின் வயிற்றில் புளியைக் கரைப்பதுதான் அவர் தொழில். பெயிண்டர் இரண்டு முறை வேறு அதிகாரிகளிடம் தோற்றுவிட்டு, சின்னவன் பிறந்த வருஷம் மூன்றாவது முறை போனான். அன்றைக்கு ஆபீசில் இருந்தவர் மாமனார் ஒருவர்தான். பெயிண்டர் உள்ளுக்குள் குளிர்ந்துபோனான். புதுச் சட்டைகூடப் போட்டிருந்தான். அரை மணி நேரத்தில் மாமனார் படிவத்தில் 'தேறவில்லை' என்று எழுதி, அழகாகக் கையெழுத்துப் போட்டு, அவன் கையில் கொடுத்துவிட்டார். காரணம், நிறுத்தும்போது முன்சக்கரம் வெள்ளைக் கோட்டை ஒரு சாண் தாண்டிவிட்டதாம்.

ஒரு சாண்! அன்றைக்கு மூடிய வாயை அவன் திறக்கவே இல்லை. ஏணியையும் வர்ண டப்பாக்களையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறும்போதெல்லாம், கண்டக்டரிடம் திட்டு வாங்கும்போதெல்லாம், அந்த ஒரு சாண் அவன் நெஞ்சில் ஒரு முழமாக வளர்ந்தது. மாமனாரும் சளைத்தவரல்ல. மாப்பிள்ளை பேசாதபோது தான் மட்டும் வலியப் போய்ப் பேசுவதா என்று அவரும் இருந்துவிட்டார். எது சொல்ல வேண்டுமானாலும் இரண்டு பேரும் அவன் மனைவி வழியாகச் சொன்னார்கள். அவள் இல்லாத நேரத்தில் அந்த வேலை மூத்தவள் தலையில் விழுந்தது.

வியாழக்கிழமை காலை உணவு மேசையிலேயே ஆரம்பித்துவிட்டது.

"கண்ணு, உங்கப்பாவை அந்த ஜாமை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லு."

"பாப்பா, அது தாத்தா கைக்குப் பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லு."

மூத்தவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கும் லீவுதான், தெரியுமா?" என்று சொல்லிவிட்டு ஜாமைத் தானே எடுத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு நாலு பேரும் பஸ் ஏறிப் பூங்காவுக்குப் போனார்கள். ஏரிக்கரையில் பாதி நகரமே கூடியிருந்தது. படகுத்துறையில் ஒரு நீளமான வரிசை. பெயிண்டர் சின்னவனைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போக, மூத்தவள் வரிசையில் நின்று சீட்டு வாங்கினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் பால் வடிந்தது. அந்த முகத்தைப் பார்த்ததுமே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

"குடும்பச் சீட்டுப்பா. சின்னப் பசங்களுக்கு அந்தத் தடுப்புப் போட்ட குட்டிக் குளம். அங்க பாத்துக்க ஒரு அக்கா இருக்காங்க. பெரியவங்க ரெண்டு பேருக்கு அன்னப் படகு."

"எந்தப் பெரியவங்க ரெண்டு பேருக்கு?" என்றான் பெயிண்டர், விடை தெரிந்தே.

"நான் கரையிலயே உக்காந்துக்கறேன்னு சொல்லு கண்ணு," என்றார் மாமனார்.

"எனக்கும் முட்டி வலின்னு சொல்லு பாப்பா," என்றான் பெயிண்டர்.

"நீங்க போகலேன்னா நானும் போகமாட்டேன்!" என்று சின்னவன் தரையில் உட்கார்ந்தான். வாய் கோணியது, உதடு துடித்தது. பின்னால் நின்ற நாற்பது பேரும் இரண்டு ஆண்களையும் கொலைகாரர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் இருவர் கழுத்திலும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை ஏறிவிட்டது.

வெள்ளை பிளாஸ்டிக்கில் செய்த அன்னம் அது. கழுத்து மட்டும் ஆளுயரம். நெற்றியில் பதினாலு என்று எழுதியிருந்தது. உள்ளே இரண்டு இருக்கை, இரண்டு ஜோடி பெடல், வலது பக்க இருக்கைக்கு முன்னால் திருப்புவதற்கு ஒரு இரும்புக் கம்பி. மாமனார் யோசிக்காமல் போய் இடது இருக்கையில் உட்கார்ந்தார். முப்பத்தோரு வருஷப் பழக்கம். கம்பி பெயிண்டரின் கைக்கு வந்தது.

படகுக்காரப் பெண் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டாள். "சிவப்பு மிதவையைத் தாண்டிப் போகாதீங்க. அந்தத் தீவுப் பக்கம் வாத்து முட்டை போட்டிருக்கு."

கரை விலகியது. இப்போது நடுவே சொல்லியனுப்ப ஆளில்லை.

"கிளம்பறதுக்கு முன்னாடி யாராவது பின்னாடி ஒரு தடவை பாத்திருக்கலாம்," என்றார் மாமனார், எதிரே இருந்த அன்னத்தின் கழுத்திடம்.

பெயிண்டரும் அதே கழுத்திடம் சொன்னான். "தண்ணியில பின்னாடி லாரியா வரப்போகுது?"

"வலது பக்கம் ஒரு படகு வருது. வேகத்தைக் குறைச்சா நல்லது."

"அது நிக்குது. நாமதான் போறோம்."

அன்னம் யார் பக்கமும் சாயாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் பெயிண்டருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இரண்டு ஜோடி பெடலும் ஒரே அச்சில் சுழல்கிறவை. ஒருவர் நிறுத்தினால் மற்றவர் காலும் நின்றுவிடும். தேர்வுக் காரில் அதிகாரியின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். மாமனாரின் கால் அதை இன்னும் மறக்கவில்லை. எதிரே ஒரு இலை மிதந்து வந்தால்கூட அவர் இரண்டு காலையும் ஊன்றிப் பெடலை அழுத்திப் பிடித்தார். ஒவ்வொரு தடவையும் பெயிண்டரின் முட்டி போய்க் கம்பியில் இடித்தது.

"யாரோ பிரேக் போடறாங்க!" என்று அவன் கழுத்திடம் கத்தினான்.

"யாரோ போட வேண்டிய இடத்துல போடலை!"

இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே காற்று வந்தது. முன்னால் போகவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல் கிடந்த பதினாலாம் நம்பரை அது பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போயிற்று. சிவப்பு மிதவை ஒன்று அவர்களுக்குப் பின்னால் போனதை இருவருமே பார்த்தார்கள். பார்த்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வழியில்லாததால் இருவருமே சும்மா இருந்தார்கள். அன்னம் தீவின் நாணல் புதருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

நாணல் விலகியது. ஒரு வாத்து எழுந்தது.

வாத்து என்றால் சாதாரண வாத்து இல்லை. கழுத்தை நீட்டினால் மாமனாரின் தோள் உயரம் வரும் போலிருந்தது. தன் முட்டைக்குப் பக்கத்தில் வந்து முறைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பிளாஸ்டிக் பிராணியை அது மேலும் கீழும் பார்த்தது. பிறகு மாமனாரைப் பார்த்தது. அவர் மடியில் பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிய பன் பை இருந்தது. வாத்து இறக்கையை விரித்தது. பழைய சைக்கிள் பம்பு மாதிரி ஒரு சீறல் சீறியது. ஒரே எட்டில் படகின் விளிம்பைக் கொத்தியது.

"மாப்ளே!" என்று ஏரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குரல் கேட்டது. "மாப்ளே, எடுங்க வண்டியை!"

ஆறு வருஷம் கழித்து வந்த முதல் வார்த்தை. பெயிண்டருக்கு ஒரு கணம் புல்லரித்துவிட்டது. அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சிக்னல் போடணுமா, மாமா?"

"ஐயோ, கிண்டல் பண்ற நேரமா இது! ரிவர்ஸ் எடுங்க! ரிவர்ஸ்!"

"நீங்க காலை எடுத்தாத்தானே! இல்ல இல்ல, எடுக்காதீங்க. அப்படியே பின்னாடி மிதிங்க! ரெண்டு பேரும் சேர்ந்து!"

"எண்ணுங்க!"

"ஒண்ணு, ரெண்டு! ஒண்ணு, ரெண்டு!"

முதல் தடவையாக இரண்டு பேர் காலும் ஒரே பக்கம் சுழன்றன. அன்னம் நாணலிலிருந்து சளக்கென்று விடுபட்டது. வாத்து விடவில்லை. நீந்தி வந்தது. மாமனார் பன் பையை அதன் மேல் எறிந்தார். அது குறி தப்பிப் படகின் பின்தளத்தில் விழுந்தது. வாத்தும் பின்தளத்தில் ஏறிக்கொண்டது.

"ஏறிடுச்சா?" என்றார் மாமனார், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

"ஏறிடுச்சு. திரும்பாதீங்க மாமா. பன்னைத் தின்னுட்டிருக்கு."

"எத்தனை பன் இருந்தது?"

"எட்டு."

"எட்டும் முடியறதுக்குள்ள கரைக்குப் போயிடணும்."

அவர்கள் மிதித்தார்கள். மூச்சு வாங்க, வியர்வை கொட்ட, முதுகுக்குப் பின்னால் சப்புச் சப்பென்று கேட்ட சத்தத்தைக் காதில் வாங்காதவர்கள்போல மிதித்தார்கள். பாதி வழியில் மாமனார் தானாகவே பேசினார். இந்தத் தடவை கழுத்திடம் சொல்லவில்லை.

"மாப்ளே, அன்னிக்கு உங்களைத் தேற விட்டிருந்தா ஆபீஸே சிரிச்சிருக்கும். மாப்பிள்ளைக்குச் சும்மா தூக்கிக் குடுத்துட்டான்னு சொல்லியிருப்பாங்க. முதல் நாள் ராத்திரியெல்லாம் அதே கவலை எனக்கு."

பெயிண்டரின் கால் நின்றுவிட்டது. "அப்ப நான் நல்லாத்தான் ஓட்டினேனா?"

"ச்சே, யார் சொன்னா? படுமோசமா ஓட்டினீங்க. அதனாலதான் நான் தப்பிச்சேன். நீங்க மட்டும் நல்லா ஓட்டியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேனோ, நினைச்சாலே பயமா இருக்கு."

பெயிண்டர் அவரைத் திரும்பிப் பார்த்தான். மிதவைச் சட்டை கழுத்துவரை ஏறி, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்து, ஒரு நாணல் தும்பு காதில் தொங்கிக்கொண்டிருந்தது. கோபப்பட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான். சிரிப்புதான் வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது, வாத்து ஒரு அதட்டல் போட்டது, மாமனாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஒரு சாணா மாமா, நிஜமா?"

"ரெண்டு சாண். உறவாச்சேன்னு ஒண்ணைக் குறைச்சு எழுதினேன்."

கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சின்னவன் குட்டிக் குளத்திலிருந்து ஏறி வந்து, "வாத்து! வாத்து!" என்று குதித்துக்கொண்டிருந்தான். அவன் யார் கட்சி என்பதில் சந்தேகமே இல்லை. பதினாலாம் நம்பர் துறையில் போய் இடித்து நின்றது. படகுக்காரப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பின்தளத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கு மேல ஏறக்கூடாதுன்னு பலகையில எழுதியிருக்கே, படிக்கலையா?"

வாத்து கடைசிப் பன்னை விழுங்கிவிட்டு, யாரையும் சட்டை செய்யாமல் தண்ணீரில் இறங்கித் தீவைப் பார்க்கப் போயிற்று.

வீடு திரும்பும் பஸ்ஸில் மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஆறு வருஷத்துப் பாக்கி. மாமியாரின் சமையல், வீட்டுச் சுவரில் வரும் ஈரக்கசிவு, முட்டி வலிக்கு நல்ல தைலம் என்று ஒன்றையும் விடவில்லை. நடுவில் பஸ் டிரைவர் வளைவில் திருப்பிய விதத்தை இருவரும் சேர்ந்து கண்டித்தார்கள். முன் இருக்கையிலிருந்து மூத்தவள் இரண்டு தடவை திரும்பி, "கொஞ்சம் மெதுவா பேசறீங்களா?" என்று கெஞ்சினாள். இறங்க வேண்டிய நிறுத்தம் போய், அதற்கு அடுத்ததும் போன பிறகுதான் யாரோ கவனித்தார்கள்.

சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே வழக்கம்போல ஆரம்பித்தாள். "அப்பா, அவர் இன்னிக்கு..."

"மாப்பிள்ளைகிட்டயே கேளேன். பக்கத்துலதானே இருக்கார்," என்றார் மாமனார், டீயை ஆற்றிக்கொண்டே.

அவள் இருவரையும் பார்த்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். வேலையை விட்டு நீக்கிவிட்டதாகக் கடிதம் வந்தவள்போல இருந்தது முகம். சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில், "ஜுரம் ஏதாவது இருக்கா?" என்று புருஷன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த வாரம் மாமனார் தானே முன்வந்து அவனுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். பெயிண்டரின் மனைவி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகும் கார்தான். முதல் நாள் தெருவின் குப்பைத் தொட்டி விழுந்தது. இரண்டாம் நாள், "இதைவிட அந்த வாத்து நல்லா ஓட்டும்," என்று மாமனார் சொல்ல, பெயிண்டர் நடுத்தெருவில் இறங்கி, கதவை அறைந்து சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டான். மறுபடி பேச்சு நின்றது.

ஆனால் இந்தத் தடவை சனிக்கிழமை காலைவரைதான். சனிக்கிழமை காலை கார்ச் சாவியைத் தேடி இரண்டு பேரும் ஒரே சோபாவுக்கு அடியில் குனிந்தார்கள்.

"மாமா, உங்க காலுக்குப் பக்கத்துல பாருங்க," என்றான் பெயிண்டர்.