ஹீன்கந்தை ஸ்டேசனில் எடுத்த படம்

கம்பளையைத் தாண்டி மலையேறும் பாதையில் ஹீன்கந்தை ஸ்டேசன் இருந்தது. கோப்பிக் காலத்தில் மூட்டை ஏற்றுவதற்காகத் தோட்டக்காரர்கள் கேட்டு வாங்கிய ஸ்டேசன் அது. கோப்பி செத்த பிறகு கொஞ்ச காலம் பிளாட்பாரத்தில் ஆடு மேய்ந்தது. தேயிலை வந்ததும் ஓட்டுக் கூரை வந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது, துரைமார் மட்டும் உட்காருவதற்கு ஓர் அறையும் வந்தது. 1932இல் அதற்கு ஐம்பது வயது நிரம்பியது. தேயிலை விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் கூட்டங்கூட்டமாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியதும் அந்த வருசம்தான்.

மேலே இருந்த தோட்டத்தின் துரைக்கு, ஸ்டேசனின் ஐம்பது வருசத்தையும் ஒரு பட அல்பமாகப் போட்டு லண்டன் முதலாளிமாருக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசை. கண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த பளீலுக்கு ஆள் அனுப்பினார். பளீல் கண்டிக்குப் பக்கத்து அலவத்துகொடைக்காரர். வெள்ளைக்காரர்களின் வேலை கையில் கிடைத்தால் பெயர் நிலைத்துவிடும் என்று பல காலமாகக் காத்திருந்தவர். கமராவையும் முக்காலியையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு மறுநாளே வந்து சேர்ந்தார்.

கைகாட்டி, பாலம், தொட்டிக்கு அடியில் நின்று தண்ணீர் குடிக்கும் எஞ்சின், மணிக்குப் பக்கத்தில் தொப்பியோடு ஸ்டேசன் மாஸ்டர் வைத்திலிங்கம் என்று எல்லாவற்றையும் எடுத்து முடித்தார். துரைக்கு இன்னும் ஒரு படம் வேண்டியிருந்தது. முதன்முதலாகக் கூலிகள் இந்த ஸ்டேசனில் வந்து இறங்கிய படம்.

"அது ஐம்பது வருசத்துக்கு முந்தின கத தானே, துரை. அந்தப் படம் எங்க கெடைக்கும்?" என்று பளீல் கேட்டார்.

துரை தோட்டத்தில் பழகிய தமிழில் சொன்னார்: "இப்போ எடுக்கிறது. ரயில் இருக்கு. ஆள் இருக்கு. நாளைக்கு காலையில வரும்."

மறுநாள் காலையில் வந்தவர்கள், தோட்டம் கணக்குத் தீர்த்துப் பற்றுச்சீட்டுக் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்திய ஆட்கள். தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறப் புறப்பட்டவர்கள். போகிறவர்களையே வந்தவர்களாக நிறுத்திப் படம் எடுப்பது என்று பெரிய கங்காணியோடு சேர்ந்து துரை ஏற்பாடு செய்திருந்தார்.

அந்தக் கூட்டத்தில் வடிவம்மாவும் இருந்தாள். அவள் புருசன் கறுப்பையாவுக்குக் கால் இரண்டும் வீங்கி, நெஞ்சில் சளி கட்டி, நாலு எட்டு நடக்க முடியாது. அவன் வேலைக்கு உதவமாட்டான் என்றுதான் குடும்பத்தையே நிறுத்தினார்கள். அவர்களுக்கு மூன்று வயதில் பாப்பம்மா என்று ஒரே பெண். தலை முழுக்கச் சிரங்கு.

ரயில் வந்து நின்றது. கங்காணி முதலில் எல்லோரையும் பெட்டியில் ஏற்றினார். பிறகு பார்வைக்கு நன்றாக இருந்தவர்களை மட்டும் கீழே இறங்கச் சொன்னார்.

"ஏ வடிவு, நீ எறங்கு. சீக்காளியும் சிரங்குப் புள்ளையும் உள்ளயே கெடக்கட்டும்."

"புள்ள அழுவுமுங்க."

"அழுதா அழுவட்டும். படம் புடிச்ச ஒடனே ஏறிக்கலாம்."

வடிவம்மா நல்ல உயரம், களையான முகம். துரைதான் அவளை முன்வரிசைக்குத் தேர்ந்தெடுத்தார். கங்காணி தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்புச் சேலையை அவளுடைய கிழிந்த சேலைக்கு மேலேயே சுற்றிவிடச் சொன்னார். தன் மனைவியின் அட்டிகையையும் அவள் கழுத்தில் பூட்டச் செய்தார். தலையில் ஒரு மூட்டை. புது நாட்டுக்கு வந்த சந்தோசம் முகத்தில் தெரிய வேண்டும் என்பது துரையின் உத்தரவு.

பளீல் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. பெட்டி, சனங்கள், சிவப்புச் சேலைக்காரி. அவளுக்குப் பின்னால் இருந்த சன்னலில் ஒரு பிள்ளையின் முகம், கம்பியைப் பிடித்தபடி. பிள்ளை தாயின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அசையாம நில்லுங்க!"

முதல் கண்ணாடித் தட்டில் எடுத்து முடிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கிழவன் தும்மிவிட்டான்.

"சரிவரல்ல, துரை. இன்னொண்டு எடுத்தா நல்லம்" என்றார் பளீல்.

வைத்திலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் முடிஞ்சுது. இனி நிப்பாட்டி வைக்கேலாது. மேல கேள்வி வரும்."

"ஒண்டு மட்டும் தான், மாஸ்டர்."

துரை கையை உயர்த்தினார். வைத்திலிங்கம் ரயில் கார்டைப் பொறுக்கச் சொன்னார்.

"அந்தப் பொம்பளை சிரிக்கல்லை. சிரிக்கச் சொல்லு" என்றார் துரை.

"சிரி, கழுத!" என்றார் கங்காணி.

பின்னால் பிள்ளை "ஆத்தா, ஆத்தா" என்று அழ ஆரம்பித்திருந்தது. திரும்பக் கூடாது என்று கங்காணி முன்பே எச்சரித்திருந்தார். சிரித்தால் சீக்கிரம் விடுவார்கள் என்று நினைத்து வடிவம்மா சிரித்தாள். பல் தெரிய, நன்றாகவே சிரித்தாள். பளீல் கமராவின் மூடியை எடுத்து, எண்ணி, திரும்ப மூடினார்.

கார்ட் விசில் ஊதினான். நின்றவர்கள் விழுந்தடித்துப் பெட்டியில் ஏறினார்கள். வடிவம்மா மூட்டையைப் போட்டுவிட்டு ஓடும்போது கங்காணி சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"சாமானக் கழட்டி வச்சிட்டுப் போடி!"

சேலை சீக்கிரம் வந்துவிட்டது. அட்டிகையின் பூட்டு வரவில்லை. அவள் நெருடிப் பார்த்தாள். கங்காணியும் பிடித்து நெருடினார். கழுத்தில் தோல் உரிந்தது.

"ஐயா, ரயிலு போவுதுங்க! ஐயா!"

"எம் பொஞ்சாதி நக. அறுத்துக் கிறுத்துப் போட்டுறாத, நில்லு!"

ரயில் நகர்ந்தது. பூட்டுக் கழன்றபோது கடைசிப் பெட்டி கைகாட்டியைத் தாண்டிக்கொண்டிருந்தது. வடிவம்மா தண்டவாளத்தில் இறங்கி ஓடினாள். பாலம் வரைக்கும் ஓடி, அங்கே கட்டை தடுக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்து திரும்பி வந்து வைத்திலிங்கத்தின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, அவரால எந்திரிச்சு ஒரு வாய் தண்ணி குடிக்க முடியாதுங்க. புள்ளைக்கு யாரு இருக்கா? அடுத்த டேசன்ல நிப்பாட்டச் சொல்லுங்க, சாமி!"

"கம்பளைக்கு ஒரு தந்தி அடிச்சா ரெண்டு பேரையும் இறக்கிப்போடுவினம்" என்று வைத்திலிங்கம் துரையைப் பார்த்துச் சொன்னார்.

துரை குழாயில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார். தந்தி போனால் ரயில் ஏன் தாமதித்தது என்ற கேள்வியும் கூடவே வரும். "வேண்டாம். அடுத்த கூட்டத்தோட போகட்டும்" என்றார். பளீலின் பக்கம் திரும்பி, "சன்னலில் ஒரு அசிங்கப் பிள்ளை இருந்தது. படத்திலிருந்து அதை அழித்துப்போடு" என்றார்.

பளீல் "சரி துரை" என்றார்.

அடுத்த கூட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் குடியிருந்த லயக் காம்பராவில் வேறு ஆள் வந்தாயிற்று. வடிவம்மா தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். இரண்டாம் நாள் கண்டிக்கு வந்து, படம் பிடிக்கிற முஸ்லிம் நானாவின் கடை எது என்று தெருத்தெருவாக விசாரித்து, ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றாள்.

பளீல் அப்போதுதான் கத்தியைத் துடைத்து வைத்திருந்தார். நெகட்டிவில் சன்னல் இருந்த இடத்தில் பிள்ளையின் முகத்தைச் சுரண்டியாகிவிட்டது. இனி அச்சிட்டால் வெறும் இருட்டுத்தான் விழும்.

"ஐயா, எம் புள்ள மொகம் படத்துல இருக்கா? ஒருக்கா காட்டுங்கய்யா."

"விழல்லம்மா" என்றார் பளீல்.

"விழுந்திருக்கும்யா. என்னையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நாந்தான் திரும்பிப் பாக்கல. பாக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"இல்ல. சன்னலுக்குள்ள ஒரே இருட்டு."

அவள் நம்பினாள். அதுதான் பளீலுக்குத் தாங்கவில்லை. உள்ளே அழைத்துச் சோறு போடச் சொன்னார். பின்னேரம் கண்டி ஸ்டேசனுக்குக் கூட்டிப்போய்த் தலைமன்னாருக்கு டிக்கெட் எடுத்து ஏற்றிவிட்டார். வீட்டுக்கு நடக்கும்போது நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார். அல்பத்துக்கு நல்ல தோல் அட்டை எங்கே கிடைக்கும் என்பதில் மனம் போய்விட்டது.

ஸ்டேசனின் ஐம்பதாவது வருச விழா நாளன்று அல்பத்தோடு ஹீன்கந்தைக்குப் போனார். ஸ்டேசன் முழுக்கத் தென்னோலைத் தோரணம். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, ஈரத்தில், வடிவம்மா குந்தியிருந்தாள். தலைமயிரை வெட்டியிருந்தாள்.

"திரும்பி வந்திட்டாள்" என்றார் வைத்திலிங்கம், மெதுவாக. "புருசன் கப்பலுக்கு முன்னமே செத்துப்போனானாம். பிள்ளையைக் கூட்டத்தில ஆரோ தூக்கிக்கொண்டு ஏறிட்டினமாம். ஆர் எண்டு தெரியாது. எந்த ஊர் எண்டும் தெரியாது. தோட்டத்துச் சீட்டுப் புருசன்ர மடியோட போயிட்டுதாம்; அது இல்லாதபடியால் இவளைக் கப்பலுக்கு விடேல்லை. இஞ்ச வந்து ஒவ்வொரு ரயில் பெட்டியையும் எட்டிப் பாக்கிறாள். விரட்டினாலும் போறாளில்லை."

பளீல் நேரே துரையிடம் போனார். துரைமார் அறையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். துரை அல்பத்தைப் புரட்டினார்.

"துரை, அந்தப் பொம்புளைக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா கப்பல்ல போய் புள்ளயத் தேடுவா."

"எந்தப் பொம்பளை?"

பளீல் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். துரை படத்தைக் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தார். பக்கத்திலிருந்த தன் மனைவிக்கும் காட்டினார்.

"நல்லா சிரிக்குது" என்றார். பிறகு, "சீட்டுக் கொடுத்தால் ஏன் விட்டுப்போனது என்று மேலே உள்ளவன் கேட்பான். அடுத்த வருசம் பார்க்கலாம். பளீல், இதே மாதிரி தோட்டத்துக்கும் ஒரு அல்பம் செய்ய வேணும். உன்னால முடியுமா?"

இரண்டாவது தடவை கேட்பதற்காகப் பளீல் வாயைத் திறந்தார். "முடியும் துரை" என்றுதான் வந்தது.

விருந்தாளிகளின் ரயில் வரும் நேரம். தொட்டிக்குக் கீழே ஒரு பிச்சைக்காரி இருப்பது நன்றாக இல்லை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கம்பளையிலிருந்து வந்த சிங்களக் கான்ஸ்டபிள் ஒருவன் போய் அவள் தோளில் பிரம்பால் தட்டினான். பிச்சையெடுத்துத் திரிகிறவள் என்று வழக்குப் போட்டு மறியற் சிறைக்குக் கொண்டுபோக உத்தரவு.

வடிவம்மா நிமிர்ந்து அவனுடைய உடுப்பைப் பார்த்தாள். தலைமன்னாரில் ஆட்களைக் கப்பலுக்கு ஏற்றியவர்களும் இப்படித்தான் உடுத்திருந்தார்கள்.

"கப்பலுக்காங்க?" என்றாள்.

கான்ஸ்டபிளுக்கு அவள் கேட்டதில் கப்பல் என்ற ஒரு சொல்தான் விளங்கியது. சத்தம் போடாமல் வந்தால் போதும் என்று நினைத்தவன், "ஓவ், ஓவ், கப்பல்" என்று தலையாட்டினான்.

அவள் அவசரமாக எழுந்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். பளீல் அறை வாசலில், பத்தடி தூரத்தில் நின்றார். அவள் அவரைக் கண்டு கும்பிட்டாள்.

"நானா, கூப்புட்டுட்டாங்க. போயிட்டு வாறேன்."

பளீல் தலையை மட்டும் அசைத்தார். அவள் கான்ஸ்டபிளுக்கு முன்னால், அவன் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும் வேகத்தில், ரோட்டில் இறங்கி நடந்தாள்.