சாலை மட்டத்தில் ஒரு மொட்டைமாடி

2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதின்மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டேகால் மணிக்கு, லூஸ் தாரி தங்கள் புது மனையின் செங்குத்துச் சரிவில் ஒரு காலை மேலும் மறு காலைக் கீழுமாக ஊன்றி நின்று, மேஸ்திரி வரைந்து கொடுத்த கட்டத்தாளை மூன்றாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனை மெதெயின் நகரின் வடகிழக்கு மலையில் இருந்தது. அகலம் ஆறு மீட்டர், நீளம் பன்னிரண்டு. கீழ் எல்லையில் படிக்கட்டுச் சந்து. மேல் எல்லையில் பேருந்துச் சாலை. தாளில் இரண்டு தளங்களும் அவற்றுக்கு மேல் மொட்டைமாடியும் இருந்தன. வெளிச்சுவரை ஒட்டி, சந்திலிருந்து மாடி வரை, அவள் அறிந்து யாரும் கேட்டிராத ஒரு படிக்கட்டும் இருந்தது.

அந்த மலையில் மொட்டைமாடி என்பது வீட்டோடு சேராத சொத்து. கீழே ஒருவர் கட்டுவார். மேலே உள்ள காற்றை மகனுக்கோ மகளுக்கோ கொடுப்பார், இல்லையேல் அந்நியருக்கு விற்பார். உறவுக்குக் கொடுத்தால் படி வீட்டுக்குள்ளே வரும். படியை வெளியே வரைந்தால், மேலே குடியேறப்போகிறவனுடைய முகத்தைக் கீழே இருப்பவர்கள் பார்க்க விரும்பவில்லை என்று பொருள்.

மனை வாங்கிய அன்று, அம்மா ஒஃபேலியா எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தாள்: கீழ்த்தளம் தனக்கு, நடுத்தளம் மகன் கில்தார்தோவின் குடும்பத்துக்கு, மொட்டைமாடி மணமாகாத லூஸ் தாரிக்கு. ஏறி ஏறியே இளைத்துப்போவாள் என்று தம்பி அன்று இரக்கப்பட்டான். ஆனால் பிப்ரவரியில் மேஸ்திரி அர்னுல்ஃபோ தண்ணீர் நிரப்பிய குழாயைச் சரிவின் மேலும் கீழும் பிடித்து மட்டம் பார்த்தபோது, மொட்டைமாடி பேருந்துச் சாலையோடு சமமாக வந்து நின்றது. லூஸ் தாரிக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக எண்பத்து நான்கு படிகளுக்குக் கீழே, வாடகை அறையில், பிறர் உடைகளைத் தைத்து வந்தவள் அவள். இனித் தையல் இயந்திரம் சாலையைப் பார்த்து இருக்கும். அவள் மகிழ்ந்தாள், மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த மௌனத்தைத்தான் அவள் மூன்று வாரங்களாகக் கணக்கில் வைத்திருந்தாள். இடையில், தொப்பியணிந்த ஒருவன் கில்தார்தோவோடு மனையில் அளவு நாடா பிடித்ததை அவளே கண்டாள். இப்போது இந்தப் படி.

மேஸ்திரி சரிவில் இறங்கி வந்தார்.

“மேஸ்திரி, இந்தப் படி யாரு கேட்டது?”

“நல்லா வந்திருக்குல்ல?”

“நான் படியைப் பத்திக் கேக்கல, ஆளைப் பத்திக் கேட்டேன்.”

“சொன்னவங்க, சொல்லாதன்னு சொன்னாங்க. நான் சிமெண்ட் கலக்குறவன் லூஸ் தாரி. குடும்பத்தைக் கலக்க என்னைக் கூப்பிடாத.”

அவள் தாளை நான்காக மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டாள்.

அம்மாவின் வீட்டில் மதிய உணவுக்குச் சிவப்பு மொச்சையும் வறுத்த வாழைப்பழமும் இருந்தன. அம்மா பரிமாறி முடிக்கும் வரை அவள் பொறுத்திருந்தாள்.

“தம்பி, மாடியை யாருக்கு வித்த?”

கில்தார்தோவின் கரண்டி பாதி வழியில் நின்றது. “என்னக்கா உளர்ற?”

“வெளிப்படி எதுக்கு? அந்தத் தொப்பிக்காரன் எதுக்கு வந்தான்?”

“நீ பொறந்தப்பவே டாக்டரைக் கூப்பிட்டு, என் விரலை இன்னொரு தரம் எண்ணுங்கன்னு சொல்லியிருப்ப.” அவன் மனைவி சிரித்தாள், அவன் சிரிக்கவில்லை. “அவரு இரும்பு வேலைக்காரரு. கைப்பிடிக்கு அளவெடுக்க வந்தாரு.”

“யாருக்குக் கைப்பிடி?”

அவன் அம்மாவின் தட்டைப் பார்த்தான்.

“எனக்கு,” என்றாள் ஒஃபேலியா. “மாடியை உனக்குத் தரேன்னப்போ அது மாடி. தண்ணிக் குழாயைப் பிடிச்சப்புறம் அது தரை. என் முட்டிக்குத் தரைதான் வேணும்.”

“எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே, அம்மா.”

“வாய் சொல்லுச்சு. முட்டியை யாரும் கேக்கலையே! பூசைக்குப் போகணும்னா இவன் தோள் காலியா இருக்கணும், பஸ் ஏறணும்னா இவன் பொண்டாட்டிக்கு நேரம் இருக்கணும். எனக்குன்னு ரோட்டுல ஒரு கதவு வேணும். என் அடுப்படி வழியா ஒருத்தரும் பஸ்ஸுக்கு ஓடக் கூடாது. அதுக்குத்தான் வெளிப்படி.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீ சரின்னுடுவ. அப்புறம் நான் சாகுற வரைக்கும் அந்தச் சரியைச் சொல்லிக்காட்டுவ.”

லூஸ் தாரி மறுக்க வாயெடுத்தாள். அதைவிட வேறொன்று அவளைத் தைத்தது. “மூணு வாரமா நான் இவனைச் சந்தேகப்பட்டது உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். உன் கோவம் அவன் மேல இருந்த வரைக்கும் எனக்குச் சோறு இறங்குச்சு.”

கில்தார்தோ எழுந்து தட்டைக் கழுவினான். அந்த வீட்டில் அவன் அதற்கு முன் தட்டைக் கழுவியதில்லை. குனிந்த அவன் முதுகைப் பார்த்தபோதுதான் லூஸ் தாரிக்கு அது உறைத்தது: அம்மா மேலே போனால் கீழ்த்தளம் காலி. எதையும் கேட்காத தம்பிக்கு, கேட்காமலே இரண்டு தளங்கள் வந்து சேரும்.

மார்ச் இருபதாம் நாள், மேஸ்திரியின் முன்னிலையில் முடிவானவை பின்வருமாறு. சாலை மட்டத்துத் தளம் நீளவாக்கில் இரண்டாகப் பிரிக்கப்படும். மூன்றரை மீட்டர் அம்மாவுக்கு, இரண்டரை மீட்டர் லூஸ் தாரியின் தையற்கடைக்கும் படுக்கைக்கும். சாலையை நோக்கி இரண்டு கதவுகள் இருக்கும். இடையே எழும் சுவர் இரட்டைச் செங்கல் கனத்தில் அமையும். அதில் கதவு வேண்டாம் என்று அம்மாவும், சன்னல் வேண்டாம் என்று மகளும் கேட்டுக்கொண்டார்கள். வெளிப்படி இருக்கும். நடுத்தளம் முன்பு சொன்னபடி கில்தார்தோவுக்கு. கீழ்த்தளம் இப்போதைக்கு யார் பெயரிலும் எழுதப்படாது. கையெழுத்திட்ட தாள் மூவரில் எவரிடமும் இல்லாமல் மேஸ்திரியின் வீட்டில் இருக்கும். ஆகஸ்ட் பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை, மேல்தளத்துக்குக் கலவை ஊற்றப்படும். வழக்கப்படி தெருவே திரண்டு வாளி சுமக்கும். அவர்களுக்கு வைக்கும் பெரிய பானை சூப்பை மூன்று பெண்களில் யார் சமைப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை.