ரேடியோ கடையில் மூன்று நிமிடம்

தையல் மெஷின் கம்பெனியிலிருந்து வந்த காகிதத்தில் ஆறு குறிப்புகள் இருந்தன. கடைக்காரரே கேமரா முன்னால் நின்று பேச வேண்டும். பேச்சு சரியாக மூன்று நிமிடம் இருக்க வேண்டும். எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. பின்னால் கம்பெனியின் பெயர்ப்பலகை தெரிய வேண்டும். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். ஆறாவது குறிப்பை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு அடிக்கோடும் இட்டிருந்தார்கள்: இயல்பாகப் பேசவும்.

அவள் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, அதைக் கொண்டுவந்த ஏரியா ஆபீசரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதெல்லாம் எனக்கு வராதுங்க. மெஷினைக் குடுங்க, பிரிச்சு மாட்டித் தர்றேன்."

"மேடம், ஜனங்க இப்ப போன்ல பார்த்துட்டுத்தான் கடைக்கே வர்றாங்க. வீடியோ போடாத கடையை லிஸ்ட்லேர்ந்து எடுக்கச் சொல்லி மேல உத்தரவு. உங்க பலகையைக் கேட்டு பாத்திரக் கடைக்காரர் வேற நச்சரிக்கிறார். நாலு வீடியோ எடுத்து அனுப்பிட்டார்."

"தையல் மெஷினைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ஆனா பேசறார்."

பலகை போனால் பலகையோடு போகாது. உதிரிப் பாகம் வருவது நிற்கும். அது நின்றால் பழுதுபார்க்கும் வேலையும் நிற்கும். கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில்தான் அவளும் அவள் கணவரும் குடியிருந்தார்கள். கடை படுத்தால் வீடும் படுத்துக்கொள்ளும்.

பத்தொன்பது வருடமாக அந்தக் கடையில் வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. முன்பக்கம் அவருடையது, பின்பக்கம் அவளுடையது. அவர் பேசுவார், அவள் பிரித்து மாட்டுவாள். அவருக்கு ஒரு ஸ்க்ரூவைக்கூட நேராக முடுக்கத் தெரியாது. ஆனால் வாய் திறந்தால் நூல் வாங்க வந்தவர் மெஷின் வாங்கிக்கொண்டு போவார். தெருவில் அவருக்கு ரேடியோ என்றே பெயர். அதனால் கடைக்கும் ரேடியோ கடை என்று பெயர் வந்து, விவரம் தெரியாதவர்கள் சிலர் பழுதான ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்ததும் உண்டு. அதில் இரண்டை அவள் சரிசெய்தும் கொடுத்திருக்கிறாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ரேடியோ நின்றுபோனது. மூளையில் ரத்தக் கட்டு என்றார்கள். வலது கை பாதி வந்தது, வலது கால் முக்கால் வந்தது. பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சமானது. "அதான்." பசித்தாலும் அதான், வலித்தாலும் அதான். இழுத்துச் சொன்னால் சம்மதம், வெட்டிச் சொன்னால் மறுப்பு. அவளுக்கு மட்டும் அது புரியும்.

முதல் வீடியோவை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்கள். மருந்துக் கடையில் பில் போடும் நாத்தனார் தன் போனோடு வந்தாள். அவர் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணி, சிரிங்க."

சிரித்தாள்.

"ஐயோ, வேண்டாம். பல் டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி இருக்கு. சும்மா பேசுங்க."

"வணக்கம். எங்கள் கடையில் எல்லா வகைத் தையல் இயந்திரங்களும்..."

"இயந்திரமா? யாரு அண்ணி இயந்திரம்னு சொல்றா? கைய ஏன் அப்படி இறுக்கி வச்சிருக்கீங்க? எதையாவது திருடிட்டீங்களா?"

அவர் இடது கையை உயர்த்தித் தம் உதட்டோரத்தைத் தொட்டு மேலே இழுத்துக் காட்டினார், சிரி என்று. ஒரு பக்கம்தான் ஏறியது. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பதினேழு முறை எடுத்தார்கள். ஒன்பதாவது முறை மூன்று நிமிடத்தை எட்டினாள், ஆனால் நடுவில் ஒரு நிமிடம் பேசவே இல்லை. இருப்பதில் நல்லதைத் தேர்ந்து அனுப்பியதற்கு ஆபீசரிடமிருந்து மறுநாள் பதில் வந்தது. 'மேடம், போலீஸ்ல வாக்குமூலம் குடுக்குற மாதிரி இருக்கு. இன்னும் டைம் இருக்கு. நேச்சுரலா ட்ரை பண்ணுங்க.'

இயல்பாகப் பேசுவது எப்படி என்று அவள் யோசித்தாள். அவளுக்குத் தெரிந்து அப்படிப் பேசியவர் ஒருவர்தான்.

கடை போனில் அவருடைய குரல் பத்திரமாக இருந்தது. வாடிக்கையாளர்களுக்கு டைப் அடித்துப் பதில் போடும் பொறுமை அவருக்குக் கிடையாது. எல்லாவற்றுக்கும் பேசித்தான் அனுப்புவார். எண்ணிப் பார்த்தாள், இருநூற்று நாற்பது இருந்தன. முப்பத்தேழைத் தேர்ந்தெடுத்து ஒரு நீள நோட்டில் எழுதினாள். பேச்சை நீல மையில், சிரிக்கும் இடத்தைச் சிவப்பில், தொண்டையைச் செருமும் இடத்தைப் பென்சிலில். அவர் எந்தச் சொல்லில் மூச்சு வாங்குவார் என்பதற்கும் ஒரு சிறு கோடு போட்டாள். மெஷினைப் பிரிக்கும்போது ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையில் அடுக்கி வைப்பாள். அதே ஒழுங்குதான் இதிலும்.

பயிற்சியைக் குளியலறையில் வைத்துக்கொண்டாள், குழாயைத் திறந்துவிட்டு. அதே நேரத்தில் முன்னறையில் அவரும் பயிற்சியில் இருப்பார். செவ்வாய்க்கிழமைதோறும் வரும் பேச்சுப் பயிற்சிக்காரி கொடுத்த எழுத்துத் தாளைக் கண்ணாடியில் ஒட்டி, "ம... ம்மா..." என்று அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார். போன வாரம் "மா" முழுசாக வந்துவிட்டது. வீட்டில் இரண்டு பேர் பேசப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பழகினார். அவள் சாத்திவிட்டுப் பழகினாள். முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சொன்னால் சந்தோஷப்படுவார் என்றும் ஒரு நாள் தோன்றியது.

கெடுவுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை. அவர் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கும் நேரம் பார்த்து நாத்தனாரை வரச் சொன்னாள். சரிசெய்த மெஷினை வாங்கிப்போக எதிர்க்கடை தையல்காரரும் வந்து நின்றார்.

"இருந்து பாருங்க, இலவசமா சினிமா," என்று அவரிடம் சொல்லிவிட்டு நாத்தனார் போனைத் தூக்கிப் பிடித்தாள். "அண்ணி, ரெடியா? போன தடவை மாதிரி நடுவுல தியானத்துக்குப் போயிடாதீங்க."

அவள் தொண்டையைச் செருமினாள்.

"வாங்க, வாங்க. ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வந்து மெஷினைத் தொட்டுப் பாருங்க, கடிக்காது. கடிச்சா நாங்க பொறுப்பு. அடிக்கடி ஊசி உடையுதா? அதுக்கு உங்க மேல கோபம் இல்லைங்க. நாலு மடிப்பு ஜீன்ஸைக் குடுத்துத் தைன்னு சொன்னா ஊசி என்னங்க பண்ணும்? என்கிட்ட குடுத்தா நானும்தான் உடைஞ்சு போவேன்!"

தையல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குள் எதையோ தளர்த்திவிட்டது. கைகள் தாமாக எழுந்தன. கணவர் செய்வதுபோலவே மெஷினின் தலையைத் தட்டிக்கொடுத்தாள். எண்ணெய் போடாத மெஷினைப் பற்றி, மாமியார் வீட்டுக்குப் போன நூல் சுற்றும் பாபினைப் பற்றி, அவர் சொல்லிச் சொல்லி மெருகேறியிருந்த எல்லாம் வரிசையாக வந்தன. நோட்டு கண்ணில் தெரியவில்லை. வார்த்தைகள் வாயிலேயே இருந்தன.

இரண்டாவது நிமிடத்தில் உள்கதவு திறந்தது.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் முகம் மலர்ந்தது. அதை அவள் நன்றாகப் பார்த்தாள். அவர் உதடுகள் அவளோடு சேர்ந்து அசையத் தொடங்கின. ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குத் தெரியும். எங்கே நிறுத்தி எங்கே போட்டால் சிரிப்பு வரும் என்பதும் தெரியும். அந்த இடம் வந்தது. அவர் கழுத்து நரம்பு புடைக்க, உடம்பையே முன்னால் கொடுத்து, அந்த வரியை அவளுக்கு முன்னால் சொல்லிவிடப் பார்த்தார்.

"அதான்..."

போனில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்தலாம். நிறுத்தினால் இது திரும்ப வராது என்று அவளுக்குப் பட்டது. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

வரியை அவளே சொன்னாள், சிவப்பு மையில் எழுதியிருந்த சிரிப்போடு. தையல்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் மூன்று நிமிடத்தையும் முடித்தாள்.

"அண்ணி! அண்ணனே வந்து நின்ன மாதிரி..." என்று கத்திக்கொண்டே திரும்பிய நாத்தனார், வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். தையல்காரர் தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு, "நல்லா இருந்துச்சும்மா," என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாப்பாட்டின்போது அவள் பேசிப் பார்த்தாள்.

"என்னங்க, உங்க பேச்சுதாங்க கடை. எனக்குச் சொந்தமா என்ன வரும்? நீங்க தேறி வர்ற வரைக்கும்தான். அப்புறம் நீங்களே நின்னு பேசுங்க."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். கோபமாகவும் தெரியவில்லை. கணக்காகச் சாப்பிட்டு எழுந்துபோய்ப் படுத்தார்.

மறுநாள் காலையில் முன்னறையிலிருந்து சத்தம் வரவில்லை. போய்ப் பார்த்தாள். கண்ணாடியில் எழுத்துத் தாள் இல்லை. கிழித்துப் போட்டிருந்தாலாவது ஒரு வகை. அதை நேர்த்தியாக மடித்து, அவளுடைய நீள நோட்டுக்குள் வைத்திருந்தார்.

அவள் நாத்தனாருக்குப் போன் செய்து, வேலைக்குப் போகும் வழியில் வரச் சொன்னாள்.

"இன்னொண்ணு எடுப்போம். என் பேச்சுல."

மெஷினின் அடித்தட்டைத் திறந்து வைத்து, நூல் ஏன் சிக்குகிறது, எந்த ஸ்க்ரூவை எவ்வளவு தளர்த்த வேண்டும் என்று கையால் காட்டிக்கொண்டே பேசினாள். வார்த்தை அங்கங்கே நின்றது. விரல்கள் நிற்கவில்லை. நாத்தனார் முழுவதையும் எடுத்தாள், கேலி செய்யாமல்.

"எப்படிம்மா?"

"உண்மையைச் சொல்லட்டுமா அண்ணி? எனக்குப் பிடிச்சிருக்கு. மெஷின் கெட்டுப்போனவங்க பார்ப்பாங்க. மத்தவங்க பத்து செகண்டுல தள்ளிவிட்டுடுவாங்க."

இரண்டு மணிக்கு அதை அனுப்பினாள். மூன்று மணிக்கு ஆபீசர் போனில் வந்தார்.

"மேடம், இது மெக்கானிக் வீடியோ. மெஷின் ரிப்பேர் ஆகும்னு நாமளே சொல்லலாமா? வேற இருந்தா அஞ்சுக்குள்ள போடுங்க. நான் உங்களுக்காக ரொம்பப் பேசிட்டேன். பாத்திரக் கடைக்காரர் ஏணியோட நிக்கிறார்."

அவள் உள்ளே போனாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். போனை அவர் முன்னால் நீட்டினாள்.

"நேத்து எடுத்ததை அனுப்பட்டுமா? நீங்க வேண்டாம்னா வேண்டாம். கடை போனாப் போகுது. சொல்லுங்க."

இழுத்தாவது சொல்வார், வெட்டியாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஐந்து மணிக்கு ஏழு நிமிடம் இருந்தபோது கடைக்குத் திரும்பி, நின்றுகொண்டே அனுப்பினாள்.

பதில் உடனே வந்துவிட்டது. 'சூப்பர் மேடம்! இத்தனை நாள் இந்தத் திறமையை எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க? மாசத்துக்கு எட்டு போடுங்க. இதே ஸ்டைல்.'

பலகை நின்றது. திங்கட்கிழமையே புது முகங்கள் மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். ஒரு அம்மாள், "அந்த ஊசி கதையைச் சொல்லுங்களேன்," என்று கேட்டு, கேட்டுவிட்டுத்தான் மெஷினைப் பார்த்தாள். அவர் அன்றும் முன்பக்கம் வரவில்லை. அவருடைய நாற்காலியில் யாரோ பையை வைத்தார்கள். அவள் எடுக்கச் சொல்லவில்லை. "அதான்" என்ற வார்த்தையைக் கேட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை பேச்சுப் பயிற்சிக்காரி வந்தாள். இளவயதுக்காரி, எதற்கும் உற்சாகம் குறையாதவள்.

"ஐயா, போன வாரம் 'மா' வரைக்கும் வந்துட்டோம். இன்னைக்கு ஒரு படி மேல. தாள் எங்கே? சரி, பரவாயில்லை, என்கிட்ட இன்னொண்ணு இருக்கு. முதல்ல ஈசியானது. உங்க பேர் என்ன? முதல் எழுத்து வந்தாப் போதும்."

அவர் இடது கையை மெதுவாகத் தூக்கி, கதவருகே நின்றிருந்த அவளைச் சுட்டினார்.

பயிற்சிக்காரி சிரித்துவிட்டாள். "அவங்களைக் கேட்கலை ஐயா, உங்களைக் கேட்கிறேன். உங்க பேரு."

கை இறங்கவில்லை.

"சரி, வேற கேட்கிறேன். காலையில என்ன சாப்பிட்டீங்க?"

கை அவளையே காட்டியது.

"அசதியா இருக்காரு போல," என்றாள் பயிற்சிக்காரி. சிறிய புத்தகத்தை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டாள். "ஏங்க, இந்த வாரம் வீட்ல ஏதாவது நடந்துச்சா?"

கடையில் நாத்தனார் அடுத்த வீடியோவுக்கு ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. கதவருகே நின்றவள் அவரிடம் போய், தூக்கிய அந்தக் கையைப் பிடித்து அவர் மடியில் வைத்தாள். அவர் தடுக்கவில்லை. அவள் விட்டதும் அது மறுபடி எழுந்தது.